இருக்கன்குடிக்கு முந்தின வியாழன்

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் ஊர் நர்சாக வேலைக்குச் சேர்ந்தது 1984-ல். அந்தக் காலத்தில் ஒரு பெண் உண்டாகியிருப்பது அவளுக்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிடும். இதில் மாயம் ஒன்றும் கிடையாது. தூரமானவள் மூன்று நாள் வீட்டுக்கு வெளியே, மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில், தனித் தட்டும் தனிப் பாயுமாக உட்கார்ந்திருப்பாள். போன அமாவாசையை ஒட்டி உட்கார்ந்தவள் இந்த அமாவாசைக்கு உட்காரவில்லை என்றால், எதிர்வீட்டுக் கிழவி வெற்றிலையை மென்றுகொண்டே கணக்கு முடித்துவிடுவாள். மறுநாள் குழாயடியில் பேச்சு வந்துவிடும்: "ஏ, ஒம் மருமக இந்த மாசம் வெளிய உக்காரலையாக்கும்?"

அந்தக் கணக்கை நோட்டில் ஏற்றுவதுதான் எனக்கு அரசாங்கம் கொடுத்த வேலை. ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்சு. புதிதாக உண்டானவர்களைக் கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஊசி, இரும்புச்சத்து மாத்திரை, பிரஷர், எடை எல்லாம் அதற்குப் பிறகு. பெயர், வயது தாண்டியதும் மூன்றாவது கட்டம் 'எல்.எம்.பி.', அதாவது கடைசியாகத் தூரமான முதல் நாள். அந்த ஒரு கட்டத்தை நிரப்புவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். இங்கிலீஷ் தேதி யாருக்கு ஞாபகம்?

"எப்ப தாயி தலைக்கு ஊத்துன?"

"அது இருக்கும்க்கா... ஒரு மாசம், ஒன்ற மாசம்."

கேட்கிற விதத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் எங்கள் சென்டர் ஆயா. தேதியைக் கேட்காதே, எது கைவிட்டுப் போனது என்று கேள் என்பாள். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் இருக்கன்குடி மாரியம்மன்தான். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில் இருக்கிறது கோயில். ஆடி கடைசி வெள்ளிக்கு ஊரே அங்கே போய்விடும். தூரமான பெண் மட்டும் போக முடியாது.

"இந்த ஆடிக்கு இருக்கன்குடி போனியா?"

"எங்கக்கா போக? முந்துன நாளு வியாழக்கெழம வந்து தொலஞ்சிருச்சு. எல்லாரும் வண்டியேறிப் போனாக, நான் வீட்டக் காத்துக் கெடந்தேன்."

தேதி கிடைத்துவிட்டது. அந்த ஆதங்கம் பத்து வருஷமானாலும் மறக்காது. வியாழக்கிழமைத் தேதியோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் வைகாசி முதல் வாரம். நெகேலே என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரில் வழங்கும் சூத்திரம் இது. மாதவிலக்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை சீராக வருகிறவர்களுக்கு ஏறக்குறையச் சரியாக வரும். கல்யாண வீடு, பூக்குழி, முளைப்பாரி என்று ஒவ்வொருத்தியும் எதற்குப் போக முடியவில்லையோ அதை வைத்தே என் பதிவேடு நிரம்பியது.

அடையாளங்கள் பாடப் புத்தகத்தில் வரிசையாக இருக்கும்: நாள் தள்ளுதல், குமட்டல், மார்பு கனத்தல், அடிக்கடி சிறுநீர், அசதி. வீடுகளில் அந்த வரிசையை நான் பார்த்ததில்லை. ஒருத்திக்குக் குமட்டலே வராது, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவாள். இன்னொருத்திக்கு உடம்பு கதகதவென்றிருக்கும். உள்காய்ச்சல் என்று நிலவேம்புக் கசாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கருத்தரித்ததும் கூடி நிற்கிற புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன்தான் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் ஏற்றிவைக்கிறது, அசத்துகிறது, மலச்சிக்கலையும் கொண்டுவருகிறது. வாந்தியைப் பார்த்துக் காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்த மாமியார்களை எண்ணி முடியாது. பச்சிலை வாடையில் அந்தப் பிள்ளை இன்னும் நாலு தடவை வாந்தியெடுக்கும்.

தெருவுக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொள்கிறவர் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை. எங்கள் பெண்களில் பாதிப் பேர் கட்டை அடுக்க, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகப் போகிறவர்கள். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் யார் எத்தனை கட்டை அடுக்கினாள் என்பது தினமும் நோட்டில் ஏறும். நன்றாக அடுக்குகிறவளின் எண்ணிக்கை திடீரென்று இறங்கினால், அவள் அடிக்கடி எழுந்து ஒதுக்குப்புறம் போனால், கணக்குப்பிள்ளைக்கு ஜோசியம் தேவையில்லை. மெழுகு உருகுகிற வாடை, மருந்து வாடை, பெட்டி ஒட்டும் பசை புளித்த வாடை என்று நேற்று வரை மூக்கில் ஏறாத எல்லாம் அன்றைக்கு வயிற்றைப் புரட்டும். குமட்டல் பெரும்பாலும் ஆறாவது வாரம்போலத் தொடங்கும், ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பதினாலு வாரத்துக்குள் அநேகருக்கு அடங்கிவிடும். காலையில் மட்டும்தான் வரும் என்பதெல்லாம் எழுத்தில்தான். சாயங்காலம் அடுப்பில் குழம்பு தாளிக்கிற நேரத்தில்தான் எங்கள் தெருவில் ஓங்கரிப்புச் சத்தம் அதிகம்.

எனக்கு மிகவும் வியப்பாக இருந்த அடையாளம் ஒன்று உண்டு. அது தாயிடம் தெரியாது, மடியில் கிடக்கிற பிள்ளையிடம் தெரியும். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, குழந்தைக்குப் பத்து மாதம் இருக்கும், வயிற்றுப்போக்குக்கு மருந்து கேட்டு வந்தாள். பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்தது. மார்பில் வைத்தால் இரண்டு வாய் இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பியது. நான் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எடுப்பதற்குள் ஆயா பிள்ளையின் இடுப்புச் சதையைக் கிள்ளிப் பார்த்தாள். தொய்ந்திருந்தது. "பிள்ள சவல பாஞ்சிருக்கு. ஏத்தா, நீ முழுகாம இருக்கியா?" அவள் சிரித்துவிட்டாள். பிள்ளை பெற்றதிலிருந்து தூரமே ஆகவில்லை, அப்புறம் எங்கே முழுகாமல் இருப்பது? பால் கொடுக்கிறவளுக்கு மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடலாம். ஒரு தடவைகூடக் குளிக்காமலே அடுத்தது தங்கிவிடும். புதிய கருவின் ஹார்மோன்கள் பாலைக் குறைக்கும், ருசியை மாற்றும். பிள்ளைக்கு அது தெரியும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். இடுப்பெலும்புக்கு மேல் கருப்பை உருண்டு நின்றது. மூன்று மாதம் தாண்டியிருந்தது. நாள் தள்ளுவதை மட்டும் நம்பியிருந்தால் அவளை நான் பிடித்திருக்கவே மாட்டேன்.

சோதனை என்று ஒன்று இல்லாமல் இல்லை. எங்கள் பயிற்சிப் பள்ளி ஆசிரியை சொல்லித்தான் தேரைக் கதை தெரியும். அர்ஜென்டினாவில் 1947-ல் ஒரு மருத்துவர் கண்டுபிடித்த முறை. பெண்ணின் சிறுநீரை ஆண் தேரைக்கு ஊசியாகப் போடுவார்கள். சில மணி நேரத்தில் தேரையின் சிறுநீரில் விந்தணு தெரிந்தால் அந்தப் பெண் கர்ப்பம். வகுப்பு முழுக்கச் சிரித்தோம். நான் வேலைக்கு வந்தபோது தேரைக்குப் பதில் கண்ணாடித் தகடு வந்திருந்தது. சாத்தூரில் லேப் வைத்திருந்தவர்கள் சிறுநீர்த் துளியோடு இரண்டு மருந்துகளைக் கலந்து தகட்டை ஆட்டுவார்கள். கலவை பால் திரிவதுபோல் திரிந்தால் கர்ப்பம் இல்லை, திரியாவிட்டால் உண்டு. நாள் தள்ளி இரண்டு வாரமாவது ஆகியிருந்தால்தான் அதை நம்பலாம். பஸ் சார்ஜ், லேப் காசு, ஒருநாள் கூலி, துணைக்கு வருகிற மாமியாரின் கூலி. யார் போவார்?

அதற்குப் பதில் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரானும் அதிக அளவில் கலந்த ஹார்மோன் மாத்திரை. போட்டதும் தூரமானால் கர்ப்பம் இல்லை, ஆகாவிட்டால் உண்டு. கர்ப்பமாக இருந்தால் கரைந்துவிடும் என்றும் ஒரு நம்பிக்கை. இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. கருவுக்குக் கெடுதல் வரலாம் என்ற பயம் மட்டும் நிஜம். மத்திய அரசு 1988-ல் அந்தக் கலவையைத் தடை செய்தது. அதற்குப் பிறகும், பெயர் சொல்ல வேண்டாம், கடைவீதியில் ஒரு கடைக்காரர் கொஞ்ச காலம் அடித்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கடை வழியாகப் போகும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதற்கு மேல் ஒரு ஊர் நர்சால் என்ன செய்ய முடியும்?

என் கதைக்கு வருகிறேன். கல்யாணமாகிச் சில வருஷங்கள் எனக்குக் குழந்தை இல்லை. ஊரார் தேதியை நான் எழுதினேன், என் தேதியை ஊரார் எழுதினார்கள். "நர்சம்மா ஊருக்கெல்லாம் மாத்திர குடுக்காக, அவுகளுக்கு ஒண்ணையும் காணலையே" என்பது காதில் விழும்படியே பேசப்படும். காத்திருப்பவளுக்கு இந்த அடையாளங்களைப்போலக் கொடுமை வேறில்லை. மாதவிலக்குக்கு முந்தின வாரத்தில் உடம்பில் நிற்பதும் அதே புரோஜெஸ்டிரான்தான். மார்பு கனக்கும், தூக்கம் அசத்தும், வயிறு உப்பும், எலுமிச்சை ஊறுகாயைத் தேடும். புத்தகத்தை நானே நெட்டுருப் போட்டவள். இவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று மற்றவர்களுக்கு நாள் பூராவும் சொல்கிறவள். ஆனாலும் மாதா மாதம் அந்த வாரத்தில் தாவணிக் காலத்துப் பிள்ளைபோல மனசு பறக்கும், பிறகு ஒரு காலையில் எல்லாம் முடிந்துபோகும். வேலைக்குக் கிளம்ப வேண்டும். முதல் வீட்டில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் வெட்கத்தோடு, "எனக்குத் தள்ளிப் போயிருக்குக்கா" என்பாள். பேனாவைத் திறப்பேன்.

தங்கியபோது எனக்கு அடையாளமாக வந்தது சாத்தூர் பஸ் ஸ்டாண்டு. காராச்சேவு பொரிக்கிற எண்ணெய் வாடை. பிறந்ததிலிருந்து எனக்குப் பிடித்த வாடை அது. அன்றைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தூண் மறைவில் நின்றேன். ஆயாவிடம் சொல்லவில்லை, வீட்டில் சொல்லவில்லை. தேதிப்படி இரண்டு வாரம் தாண்டட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கூட்டத்துக்குப் போகிற சாக்கில் லேப்புக்குப் போனேன். உள்ளே தகட்டை ஆட்டிக்கொண்டிருந்த பையன், வரிசையில் உட்கார்ந்திருந்த சர்க்கரை நோயாளிகள் அத்தனை பேருக்கும் கேட்கிறமாதிரி, "சிஸ்டர், பாசிட்டிவ்!" என்றான். நல்ல பையன்தான், சந்தோஷத்தில் கத்திவிட்டான். ஆனால் என் வயிற்றில் இருப்பது இந்த உலகத்தில் முதலில் அவனுக்கும், இரண்டாவதாக அந்த வரிசையில் இருந்த ஒரு மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் தெரிந்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அதிலிருந்துதான் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு பிடிவாதம் வந்தது. யார் வீட்டு வாசலிலும் கர்ப்பத்தைப் பற்றிச் சத்தமாகக் கேட்க மாட்டேன். பெண்ணைத் தனியாகக் கூப்பிடுவேன். எடை பார்க்க என்று ஒரு சாக்கு.

மாமியார்களின் கணக்கால் வந்த வினைகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்கேன் நடமாடத் தொடங்கிய காலம். கல்யாணமாகி ஆறு வாரம் ஆன பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். காகிதத்தில் எட்டு வாரம் என்று வந்தது. மாமியாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அதுதான் வம்பு. சாயங்காலம் என் சென்டர் திண்ணையில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றது, அழக்கூட இல்லை.

காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து திண்ணையில் போட்டேன். "அத்த, இவ கல்யாணத்துக்கு முன்னால எப்பக் குளிச்சா? முகூர்த்தம் பார்க்கும்போது அதையும் கேட்டுத்தான தேதி வச்சீக?" கேட்டுத்தான் வைத்திருந்தார்கள். கல்யாணம் முடிகிற நாளில் தூரமாகிவிடக் கூடாது என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பதினாலு நாள் முன்னால் என்று மாமியாரே சொன்னார். அந்தத் தேதியில் அவரையே விரலை வைக்கச் சொன்னேன். டாக்டர்கள் எண்ணத் தொடங்குவது கரு தங்கிய நாளிலிருந்து இல்லை, அதற்கு முந்தின தூரத்தின் முதல் நாளிலிருந்து. கரு எந்த நாளில் தங்கியது என்று யாராலும் பார்க்க முடியாது, தூரமான நாளைச் சொல்ல முடியும். அதனால் எல்லா ஊரிலும் கணக்கு அங்கிருந்துதான். முதல் இரண்டு வாரம் வயிற்றில் ஒன்றும் இருக்காது, ஆனாலும் கணக்கில் சேரும். விரலை நகர்த்தி ஒவ்வொரு வாரமாக எண்ண வைத்தேன். எட்டில் வந்து நின்றது. மாமியார் இன்னொரு தடவை எண்ணினார். பிறகு எழுந்துபோய் மருமகள் தலையில் கை வைத்தார். பெண்ணின் அப்பா மட்டும் நகரவில்லை. "இத மொதல்லயே அந்தக் காயிதத்துல எழுதிருக்கக் கூடாதாம்மா?" என்றார். நியாயமான கேள்வி. இத்தனை ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்திருக்கிறேன், ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.

ஏமாற்றுகிற அடையாளங்களும் உண்டு. நாற்பது தாண்டிய ஒருத்தி, நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, வயிற்றில் வாயு உருளுகிறது என்று ஓம வாட்டர் கேட்டு வந்தாள். உருண்டது ஐந்து மாதப் பிள்ளை. அவள் மகளுக்கும் அதே மாசக் கணக்கு. அவள் பட்ட வெட்கத்தை எழுதிக் காட்ட முடியாது. இன்னொருத்தி தோள்பட்டை வலிக்குத் தைலம் கேட்டு வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. குளித்துவிட்டேன் என்றாள். எத்தனை நாள் பட்டது என்றேன். இரண்டு நாள், திட்டுத் திட்டாக, வழக்கம்போல இல்லை, அடிவயிற்றில் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றாள். கரு, குழாயிலேயே தங்கி வெடித்தால் உள்ளே கசிகிற ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும், அந்த வலி தோளில் தெரியும். தைலத்தைக் கீழே வைத்துவிட்டு தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஒன்றைப் பிடித்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அன்று ராத்திரியே ஆபரேஷன். பிழைத்தாள். நாள் தள்ளியதோ இல்லையோ, பட்டது வழக்கத்துக்கு மாறாக இருந்து, ஒரு பக்க வலியும் மயக்கமும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதைப் பிறகு நான் போகிற வீடெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-ல் வந்தது. அடுத்த சில வருஷங்களில் எங்கள் சென்டருக்கே கார்டுப் பெட்டி வந்தது. காலையில் முதலில் போகிற சிறுநீரில் இரண்டு மூன்று சொட்டு, ஐந்து நிமிஷம். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் உண்டு. கரு கருப்பையில் ஒட்டிய பிறகு சுரக்கிற ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனை அது பிடித்துக்கொள்கிறது. ராத்திரி முழுக்கத் தேங்கிய நீரில் அது அடர்த்தியாக இருக்கும், அதனால்தான் காலை நீர். கோடு மங்கலாக விழுந்தாலும் கணக்குதான். வெகுநேரம் கழித்துக் காய்ந்த கார்டில் தெரிகிற நிழலுக்கு மட்டும் மதிப்பில்லை.

முதன்முதலில் கார்டைத் தன் கையாலேயே செய்து பார்க்கிறேன் என்று கேட்டது கட்டை அடுக்குகிற ஒரு பெண். பத்தாவது படித்தவள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் போய் பத்து நிமிஷம் ஆனது, கதவு திறக்கவில்லை. ஆயா தட்டப் போனாள், நான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். வெளியே வந்தவள் கார்டை முந்தானை நுனியில் முடிந்திருந்தாள். "ரெண்டு கோடுக்கா. இப்ப எழுதாதீக. நாளைக்கு எழுதுங்க. இன்னைக்கு ஒருநா எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்." மறுநாள்தான் எழுதினேன். பதிவேட்டில் ஒரு நாள் தள்ளிப் போனதால் சர்க்கார் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

நான் ஓய்வுபெற்ற 2018-ல் நிலைமை தலைகீழ். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தொகை 18,000 ரூபாய் ஆனது, அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் தவணை வேண்டுமென்றால் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்க வேண்டியிருந்தது. மாமியார்கள் நாள் தள்ளிய மறுநாளே மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். நல்லதுதான். சீக்கிரம் பதிந்தால் ரத்தசோகை, சர்க்கரை எல்லாவற்றையும் சீக்கிரம் பிடிக்கலாம். ஆனாலும் போலிக் அமில மாத்திரைக்கு அதுவும் தாமதம்தான். கரு தங்கிய இருபத்தெட்டு நாளுக்குள் குழந்தையின் தண்டுவடம் உருவாகிற குழாய் மூடி முடிந்துவிடுகிறது. பாதிப் பேருக்கு அப்போதுதான் குமட்டலே தொடங்கியிருக்கும். பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற மாதத்திலிருந்தே அந்த மாத்திரையைப் போடச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தேன். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்.

கேட்டவர்களில் ஒருத்தி என் தங்கை மகள், சென்னையில் இருக்கிறாள். சமீபத்தில் விடிகாலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கார்டின் படம். "பெரியம்மா, ரெண்டாவது கோடு மங்கலா இருக்கு. இது கணக்கா?" கணக்குதான், இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை பார், கோடு அடர்த்தியாகும், போலிக் அமிலத்தை நிறுத்தாதே, டாக்டரைப் பார்க்காமல் தலைவலி மாத்திரைகூட வாங்காதே என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: "அம்மாகிட்ட இப்போ சொல்லிடாதீங்க. நானே சொல்றேன்."

மத்தியானம் தங்கையிடமிருந்து போன். "அக்கா, வீடியோ கால்ல பேசிட்டிருந்தேன். ஃபில்டர் காபிய ஆத்தி வச்சிட்டு அப்படியே தள்ளி வைக்கிறா. அவளாவது, காபிய வேண்டாங்கிறதாவது! ஒங்கிட்ட ஏதும் சொன்னாளா?"

"மெட்ராஸ்ல வெயிலு ஜாஸ்தி" என்றேன்.

"ம்... வெயிலு. அங்க நேத்து மழை பெஞ்சுச்சாம்" என்றாள். "சரி, அவளா சொல்லட்டும். நான் கேக்க மாட்டேன். நெய்யி மட்டும் உருக்கி வைக்கிறேன்."